பச்சையப்பனுக்கு ஒரு கீல்

அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாள் என்பதை மிளகு மூன்று சத்தங்களை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். முதலில் வண்டி இருமிக்கொண்டே வந்து வாசலில் நிற்கும். அப்புறம் வண்டிக்குள் ஏதோ உருளும். கடைசியாக, "அம்மாடி, என் முட்டி!" என்று ஒரு குரல் கேட்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று சத்தமும் வரிசையாகக் கேட்டன. மிளகு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

அம்மா ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து, ஒரு காலைத் தூக்கிக் கியர் கம்பியைத் தாண்டினாள். இன்னொரு கால் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து விடுவித்து, பக்கத்து இருக்கையில் பொத்தென்று விழுந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஒருவழியாக இறங்கினாள்.

தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினால் என்னவாம்? அதைத்தான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களே! அவிழ்த்தால் கதவு கையோடு வந்துவிடும்.

மிளகுக்குப் பள்ளியில் வேறு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் ஆள் சின்னது, பேச்சு காரம் என்பதால் வீட்டிலும் தெருவிலும் அவள் மிளகுதான். அந்த வண்டிக்குப் பெயர் பச்சையப்பன். அடித்திருக்கும் பச்சைச் சாயத்தால் வந்த பெயர். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டியில் மூட்டை ஏற்றலாம். அம்மா பிறப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்த பிக்கப் வண்டி அது. அதைச் செய்த கம்பெனி அந்த மாதிரி வண்டி செய்வதை எந்தக் காலத்திலோ நிறுத்திவிட்டது.

அம்மா அதில் சலவைக்கூடத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடுதி விடுதியாகப் போவாள். வெளுத்த விரிப்புகளைக் கொடுத்துவிட்டு அழுக்கு விரிப்புகளை வாங்கி வரவேண்டும். ஒரு நாளைக்கு முப்பது இடம். முப்பது தடவை இறங்கி, முப்பது தடவை ஏறவேண்டும். கதவு நன்றாக இருந்தாலே இடுப்பு ஒடியும். மூன்று வாரமாகக் கியர் கம்பியை வேறு தாண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

"முட்டி கழண்டு தனியா வந்துடும்," என்றாள் அம்மா, வாசற்படியிலேயே உட்கார்ந்து. "வந்தா அதையும் ஒரு கயிறு போட்டுக் கட்டிடு."

இத்தனைக்கும் உடைந்தது ஒரே ஒரு கீல்தான். கதவை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும், மடங்கி விரியும் இரும்புத் துண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்தது இரண்டாக முறிந்துவிட்டது. தெருக்கோடி மெக்கானிக் அதைப் பற்றவைத்துப் பார்த்தார். இரண்டே நாளில் மறுபடி முறிந்தது. அவர் அலுத்துப்போய்த் துண்டுகளைப் பழைய இரும்பு வாளியில் வீசினார். மறுநாள் அந்த வாளியை அப்படியே பழைய இரும்பு வாங்குகிறவர் அள்ளிக்கொண்டு போய்விட்டார். இப்போது கடையில் காட்டுவதற்கு உடைந்த கீல்கூடக் கையில் இல்லை.

அந்த மெக்கானிக்குக்கு மிளகு வைத்த பெயர் நாளைக்கு மாமா. எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். பாவம், அவர்மேல் தப்பில்லை. அவர் கடையில் எப்போதும் ஏழு வண்டிகள் நிற்கும், அவருக்கு இருப்பது இரண்டு கைகள்.

"அம்மா, அந்த அதிகாரி என்ன சொன்னாரு?" என்று மிளகு கேட்டாள். அன்று காலையில்தான் வண்டிகளைச் சோதனை செய்யும் இடத்துக்குப் பச்சையப்பன் போய் வந்திருந்தது.

அம்மா ஒரு தாளை நீட்டினாள்.

உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அப்பா எழுந்து வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அது எப்போதும் தொங்கும். அதோடு குளிக்கப் போய்விட்டு நனைந்த நாடாவோடு வந்த நாட்களும் உண்டு. அப்பா அந்தத் தாளைப் படித்துப் பெருமூச்சு விட்டார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கதவைச் சரி பண்ணணும். இல்லேன்னா வண்டியை ரோட்டுல எடுக்கக் கூடாதாம்."

"எடுக்கலேன்னா?" என்றாள் மிளகு.

"எடுக்கலேன்னா என்ன, பாட்டில் கம்பெனிதான்," என்றாள் அம்மா.

பாட்டில் கம்பெனியை மிளகுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மா முன்பு அங்கே வேலை செய்தாள். மிளகு பள்ளியிலிருந்து வரும்போது அம்மா கிளம்பியிருப்பாள். அம்மா திரும்பும்போது மிளகு தூங்கியிருப்பாள். இருவரும் சமையலறை அலமாரியில் சீட்டு எழுதி வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். 'பல் ஆடுது' என்று மிளகு எழுதுவாள். 'எந்தப் பல்?' என்று மறுநாள் பதில் இருக்கும். அதற்குள் பல்லே விழுந்திருக்கும். இனிமேல் அந்தச் சீட்டு வேலையே வேண்டாம். அவளுக்கு அம்மா வேண்டும்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் அம்மாவும் மிளகும் ஊருக்கு வெளியே இருந்த காயலாங்கடைக்குப் போனார்கள். அங்கே வண்டிகளின் மூக்குகள் ஒரு பக்கம், காதுகள் ஒரு பக்கம், வால்கள் ஒரு பக்கம் என்று குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் உயரமாக, கூன் விழுந்த ஒருவர் தேநீர்க் கோப்பையோடு நின்றார். அவர்தான் கடைக்காரர்.

"அண்ணே, ஒரு..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"இல்லை," என்றார் அவர்.

"என்ன வேணும்னே நான் இன்னும் சொல்லலையே!"

"எதுவா இருந்தாலும் இல்லைம்மா. இருந்தாலும் தேடி எடுக்க முதுகுல தெம்பு இல்லை."

மிளகு அந்த நிமிடமே அவருக்கு இல்லை மாமா என்று பெயர் வைத்துவிட்டாள்.

அம்மா விடவில்லை. வண்டியைக் காட்டினாள், கயிற்றைக் காட்டினாள், முட்டியையும் காட்டினாள். இல்லை மாமா ஒரு பெரிய பீப்பாயைக் கைகாட்டினார். விளிம்புவரை துருப்பிடித்த கீல்கள். "மாதிரி கொண்டாந்திருந்தா ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பார்க்கலாம். சும்மா கையை வீசிக்கிட்டு வந்தா எப்படி?" என்றார்.

"எனக்கு மாதிரியே வேண்டாம்ணே. கண்ணை மூடினாலும் அந்தக் கீல்தான் தெரியுது. தினம் முப்பது தடவை அதைப் பார்த்துக்கிட்டுத்தானே இறங்கறேன்," என்று சொல்லிக்கொண்டே அம்மா பீப்பாய்க்குள் கையை விட்டாள்.

இல்லை மாமா மறுபடி தேநீர் எடுக்கப் போனார். அடுப்பு கொட்டகைச் சுவரை ஒட்டி, வாசலுக்கு இரண்டே அடி தள்ளி இருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் அது பாதியில் அடுப்பில் முட்டிக்கொண்டு, வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. அவர் கதவை ஒரு சுற்றுச் சுற்றி அடுப்புக்குப் போனார். திரும்பி வரும்போது கதவில் முழங்கை இடித்துத் தேநீர் சட்டையில் கொட்டியது.

"பாழாப்போன கதவே! பதினஞ்சு வருஷமா உன்னைச் சுத்தியே நடக்கிறேன்!" என்று அவர் கதவைத் திட்டினார்.

மிளகுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா ஒரு கீலைத் தூக்கிக் காட்டினாள். கையெல்லாம் துரு, மூக்கிலும் துரு. "இதேதான்! அச்சு அசல் இதேதான்!"

வியாழக்கிழமை சாயங்காலம் நாளைக்கு மாமா வீட்டுக்கே வந்து அந்தக் கீலை வண்டியில் வைத்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார். பிறகு வாசலில் இருந்த ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொருந்தலைக்கா."

"எப்படிப் பொருந்தாம போகும்?"

"வண்டியில திருகு மாட்டற ஓட்டை மூணும் இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. இதுல அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. வேற மாடல் வண்டியோட கீல் போலிருக்கு."

"புதுசா ஓட்டை போட முடியாதா?"

"தகடு காகிதமா இருக்குக்கா. துளை போட்டா கிழிஞ்சிடும்."

"அப்போ அந்தப் பக்கத்துக் கதவுல இருக்கறதைக் கழட்டி மாதிரிக்குக் கொண்டுபோகலாமா?"

"அந்தத் திருகெல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிப்போயிருக்கு. கை வெச்சா அதுவும் முறியும். அப்புறம் ஜன்னல் வழியாத்தான் ஏறணும்."

அம்மா அந்தக் கீலை வாங்கி வாசற்படியில் வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தாலாவது மிளகுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "போதும் தம்பி. நீங்களும் அலைஞ்சு ஓய்ஞ்சு போயிட்டீங்க. திங்கக்கிழமை நான் பாட்டில் கம்பெனிக்கே போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மிளகு அப்பாவிடம் போனாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அப்பா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

அப்பா தலையைத் தூக்காமலே ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். பள்ளிச் சீருடை. அந்த வாரம் நாற்பது சட்டை தைக்கவேண்டும். மிளகு சட்டையைப் பார்த்தாள். உடம்பு சரியாக இருந்தது. ஒரு கை சரியாக இருந்தது. இன்னொரு கை மட்டும் முறுக்கிக்கொண்டு முதுகுப்பக்கம் பார்த்தது.

"ரெண்டும் இடது கை," என்றார் அப்பா. "அசதியில தாளைத் திருப்பிப் போட மறந்துட்டேன்."

மிளகுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. இருவரும் சத்தம் போடாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அப்பா கைக்குத் துணி வெட்டுவதை மிளகு நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து பார்த்து வருகிறாள். மெல்லிய தாளில் ஒரே ஒரு கைதான் வெட்டி வைத்திருப்பார். அதைத் துணிமேல் வைத்து வெட்டினால் இடது கை. அதே தாளைப் புரட்டிப்போட்டு வெட்டினால் வலது கை. புரட்டாவிட்டால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும்.

சிரித்துக்கொண்டிருந்த மிளகு சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, எனக்கு ஒரு தாள் வேணும். ரொம்ப மெல்லிசா."

அவள் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசற்படியில் கிடந்த கீலை எடுத்து, அம்மா தினமும் இறங்கும் பக்கத்துக் கதவைத் திறந்து, அதன் கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அச்சு அசல் அதேதான். அதே வளைவு, அதே சாய்ந்த மூன்று ஓட்டைகள்.

கீலைத் தரையில் வைத்து, மேலே தாளைப் போட்டுச் சுற்றிலும் வரைந்தாள். ஓட்டை இருந்த இடங்களில் பென்சில் முனையால் குத்தினாள். பிறகு தாளைப் புரட்டி, ஓட்டுநர் பக்கத்தில் கீல் இல்லாமல் மொட்டையாக இருந்த இடத்தில் ஒட்டிப் பிடித்தாள். தாளின் முதல் துளைக்குள் பென்சிலை விட்டாள். பென்சில் வண்டியின் ஓட்டைக்குள் நழுவிப் போனது. இரண்டாவதிலும் போனது. மூன்றாவதிலும் போனது.

"அம்மா! இங்கே வா! சீக்கிரம் வா!"

"என்னடி, என்னால முடியலடி," என்று சொல்லிக்கொண்டே அம்மா வந்தாள். வாளியில் உட்கார்ந்து கண்ணயர்ந்திருந்த நாளைக்கு மாமாவும் திடுக்கிட்டு எழுந்து வந்தார்.

"இது வேற மாடல் இல்லை மாமா. நம்ம பச்சையப்பனோடதுதான். ஆனா அந்தப் பக்கத்துக் கதவோடது. அம்மா தினமும் அந்தக் கதவு வழியாத்தானே இறங்கறா? அந்தக் கீல்தான் அவ கண்ணுல இருக்கு. அதே மாதிரியே ஒண்ணைத் தேடிக் கொண்டாந்துட்டா!"

அம்மா தாளைப் பார்த்தாள். ஓட்டையில் குத்திட்டு நின்ற பென்சிலைப் பார்த்தாள். "அட, ஆமாம்!" என்று தலையில் கைவைத்தாள்.

"நீயும் அப்பாவும் ஒரே ஜாதகம்மா. அவர் ரெண்டு இடது கை வெட்டிட்டாரு. நீயும் அதையே பண்ணியிருக்கே," என்றாள் மிளகு.

வெள்ளிக்கிழமை அரைநாள் பள்ளி. அம்மா முப்பது இடத்தையும் முடித்துவிட்டு, அழுக்கு மூட்டைகளோடு நேராகப் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். காயலாங்கடைக்குப் போகும் வழியில் மெக்கானிக் கடைமுன் வண்டியை நிறுத்தச் சொன்னாள் மிளகு.

"மாமா, நீங்களும் வரணும்."

"நா..." என்று வாயைத் திறந்தார் அவர்.

"நாளைக்குன்னு சொல்லாதீங்க மாமா. நாளைக்கு சனிக்கிழமை. எல்லாம் முடிஞ்சிருக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். உடைந்த கீலை வாளியில் வீசியது அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது போலும். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

காயலாங்கடையில் வண்டியை நிறுத்தியதும் அம்மா ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்தாள். "ரெண்டே நிமிஷம், வந்துடறேன்," என்றாள். அடுத்த நொடி குறட்டை கேட்டது. எழுப்ப மிளகுக்கு மனம் வரவில்லை.

"மாமா..." என்று அவள் கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"இல்லை," என்றார் இல்லை மாமா.

"நீங்க எதுவும் எடுத்துத் தர வேண்டாம் மாமா. நானே தேடிக்கிறேன். நீங்க உக்காருங்க, முதுகு வலிக்கும்."

அவருக்கு அது புதுசாக இருந்தது. உட்கார்ந்தார்.

நாளைக்கு மாமா பீப்பாயிலிருந்து ஒவ்வொரு கீலாக எடுத்துக் கொடுத்தார். மிளகு அதன்மேல் தாளை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை என்றால் சும்மா வீசிவிடவில்லை. எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்து, ஓட்டுநர் பக்கத்துக் கீலை ஒரு குவியலிலும் மறுபக்கத்துக் கீலை இன்னொரு குவியலிலும் போட்டாள். "அடுத்த தடவை யாராவது கேட்டா உங்களுக்குப் பாதி வேலை மிச்சம் மாமா," என்றாள்.

இரண்டரை மணிக்கு ஆரம்பித்தார்கள். மூன்று மணிக்குக் கை வலித்தது. மூன்றரைக்குப் பீப்பாயின் அடி தெரிந்தது. கடைசிக் கீலையும் வைத்துப் பார்த்தாள். இல்லை. உண்மையாகவே இல்லை.

மிளகு எழுந்து போய், கொட்டகைக் கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை சமையலறை அலமாரியில் இருக்கப்போகும் முதல் சீட்டு கண்ணில் தெரிந்தது. மூக்கு உறிஞ்சும் சத்தம் இல்லை மாமாவுக்குக் கேட்டது. அவர் உள்ளேயிருந்து ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தார். வழக்கம்போலக் கதவைச் சுற்றி வந்தார். வழக்கம்போல முழங்கை இடித்தது. தண்ணீர் முழுவதும் மிளகின் தலையில் கொட்டியது.

"ஐயையோ! பாழாப்போன கதவு!"

மிளகு நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திரும்பிப் பார்த்தாள். மூக்குக்கு நேரே அதன் கீழ்க் கீல் இருந்தது. பழைய சாயம் உரிந்து தொங்கியது. மூன்று திருகுகள், சாய்ந்த வரிசையில்.

அவள் தாளை எடுத்து அதன்மேல் வைத்தாள். வளைவு பொருந்தியது. மூன்று துளைகளின் வழியாகவும் மூன்று திருகுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"மாமா..."

"இல்லை."

"நான் இன்னும் கேக்கவே இல்லை!"

"நீ எதைப் பார்க்கறேன்னு தெரியுது. என் கதவைக் கழட்டறதா? போயும் போயும் என் கதவுதான் கெடச்சுதா? இந்தக் கொட்டகை கட்டினப்போ பழைய வண்டி ஒண்ணுலேர்ந்து எடுத்து மாட்டினேன். மேல ஒரு சாதாரண வீட்டுக் கீல், கீழ இது. கழட்டினா நான் கதவுக்கு எங்கே போவேன்?"

அவர் சொல்வதும் நியாயம்தான். மிளகு எழுந்து கதவைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், இல்லை மாமாவின் சட்டையில் இருந்த தேநீர்க் கறைகளைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய், அம்மா தப்பாக எடுத்திருந்த கீலை வண்டியிலிருந்து கொண்டுவந்தாள்.

"மாமா, இந்தக் கதவை ஏன் வாசலோட அந்தப் பக்கத்துல மாட்டலை? அந்தப் பக்கம் மாட்டினா திறந்தாலும் அடுப்புக்குப் போற வழி அடைக்காதே."

"ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். இந்தக் கீல் அந்தப் பக்கம் போனா மடங்கறது மாறிடுது. கதவு உள்ளே திறந்து மேசையில இடிச்சு நின்னுது. நான் உள்ளேயே மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கத்தினேன்."

"ஏன்னா இது இந்தப் பக்கத்துக் கீல். அந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்துக் கீல் வேணும். இதோ!" என்று அவள் கையிலிருந்ததை நீட்டினாள். தாளை ஒரு தடவை அதன்மேல் வைத்துக் காட்டினாள். பிறகு புரட்டி, கதவில் இருந்த கீலின்மேல் வைத்துக் காட்டினாள். "இதை நீங்க எடுத்துக்குங்க, அதை எங்களுக்குக் கொடுங்க. நீங்க நேரா அடுப்புக்குப் போகலாம். எங்கம்மா நேரா இறங்கலாம்."

இல்லை மாமா அந்தக் கீலைக் கையில் வாங்கினார். கதவைப் பார்த்தார். இரண்டடி தூரத்தில் இருந்த அடுப்பைப் பார்த்தார். தன் முழங்கையைத் தடவிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷம்," என்று முணுமுணுத்தார். "பீப்பாய்க்குள்ளயே இருந்திருக்கு. நான் தேடவே இல்லையே."

அப்புறம் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்தக் கடைக்கு வந்தவர்கள் அதுவரை கேட்டிராத வார்த்தை.

"சரி."

அதற்குமேல் எல்லாம் ஓட்டமாக நடந்தது. நாளைக்கு மாமா திருகுகளில் எண்ணெய் விட்டுக் கீலைக் கழற்றினார். சத்தம் கேட்டு அம்மா எழுந்து, என்ன ஏது என்று புரியாமலே வந்து கயிற்றை அவிழ்த்தாள். வண்டிக் கதவு பாறை மாதிரி கனத்தது. அம்மாவும் இல்லை மாமாவும் தூக்கிப் பிடித்தார்கள். ஓட்டை ஓட்டையோடு சேரவில்லை. கதவு ஒரு விரலளவு மேலே போனது, ஒரு விரலளவு கீழே வந்தது.

"அசையாம பிடிங்க!" என்றார் நாளைக்கு மாமா.

"அசையாம பிடிக்க நான் என்ன தூணா? முதுகு போச்சு!" என்றார் இல்லை மாமா.

மிளகு பின்பக்கம் ஏறி ஓர் அழுக்கு மூட்டையைத் தள்ளிவிட்டாள். அதைக் கதவுக்கு அடியில் திணித்தாள். இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டியிருந்தது. மூட்டைக்குமேல் நாலு குளியல் துண்டுகளை மடித்து வைத்தாள். ஒரு துண்டை உருவினாள். கதவு மெத்தைமேல் படுத்தது போல அசையாமல் நின்றது. ஓட்டைகள் ஒன்றோடொன்று நேருக்கு நேர் வந்தன. முதல் திருகு ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும் ஏறியது.

"கிளம்புங்கக்கா, மணி நாலரை ஆகப்போகுது!" என்று நெற்றியைத் துடைத்தார் நாளைக்கு மாமா. "நான் இவர் கதவை மாட்டிட்டு வரேன். இன்னைக்கே முடிச்சிடறேன்."

சோதனை அதிகாரி மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்கு நூறு வண்டி பார்த்த அசதி. வெளியே வந்து பச்சையப்பனின் கதவைத் திறந்தார், மூடினார்.

டொப்.

மறுபடி திறந்து மூடினார். டொப்.

"இந்த வண்டிக்கெல்லாம் எங்கேம்மா கீல் கெடச்சுது?" என்று ஆச்சரியப்பட்டார்.

"அடுப்புக்குப் போற வழியிலங்க," என்றாள் மிளகு.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அம்மா ஒரு காலைத் தூக்கிக் கியர் கம்பியைத் தாண்டினாள். இன்னொரு கால் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது. "அம்மாடி, என் முட்டி!"

"அம்மா!" என்று கத்தினாள் மிளகு. "உன் பக்கம் இருக்கே!"

அம்மா பாதி வழியில் அப்படியே நின்றாள். கயிறு இல்லாத கதவைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அம்மா மெதுவாகத் தன் இடத்துக்கே திரும்பிப் போய், தன் கதவைத் திறந்து, ராணி மாதிரி இறங்கினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மிளகு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா இடது கை ஒன்று, வலது கை ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி வெட்டிக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு வண்டி இருமிக்கொண்டே வந்து நின்றது. உள்ளே எதுவும் உருளவில்லை. முட்டியைப் பற்றி யாரும் புலம்பவில்லை.

டொப்.

"அம்மா வந்தாச்சு!" என்று மிளகு எழுந்து ஓடினாள்.